சாவு வீட்டுக்கு முதலில் வருபவர்

என் தந்தையார் 1996ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து இரவொன்றில் தருமபுரியில் காலமானார். உடலைக் காரிமங்கலத்துக்குக் கொண்டுவர வண்டி வேண்டும். எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனை மளிகைக்கடைக்காரர் வீட்டுக்குத் தகவல் சொன்னோம். அவர் உறவினர் யாரையும் எழுப்பவில்லை. எங்கள் வார்டின் கட்சிச் செயலாளரைத்தான் எழுப்பினார். வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். விடிவதற்குள் வண்டி வந்தது, வாசலில் பந்தல் எழுந்தது, நாற்காலிகள் வந்தன, பாடைக்கு மூங்கில் வந்தது, பம்பைக்காரர்களுக்கு ஆள் போயிற்று. சேலத்திலிருந்து என் தாய்மாமன் வந்து சேர்ந்தபோது செய்வதற்கு அவருக்கு எந்த வேலையும் மிச்சமிருக்கவில்லை. அந்தக் குறை அவருக்கு நெடுநாள் இருந்தது.

பதினாறாம் நாள் கழிந்து இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவுக்கு விதவை உதவித்தொகை ஆகியவற்றுக்கு அலைந்தவரும் சைக்கிள்கடைக்காரரே. அவர் எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். சொன்னால் வாசகர்களில் பாதிப்பேர் கட்டுரையை வேறுவிதமாகப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த தேர்தலில் எங்கள் வீட்டு வாக்குகள் எங்கே விழுந்தன என்று அவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. கேட்டிருக்க வேண்டிய தேவையும் இல்லை.

நியூயார்க் நகரின் டாமனி ஹால் பற்றிச் சென்ற விடுமுறையில் படிக்கத் தொடங்கியபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த மூங்கில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களின் கட்சி இயந்திரம் என்றவுடன் நம்மவர்களுக்கு 'பாஸ்' ட்வீடின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஸ்கார்ஸேஸியின் 'கேங்ஸ் ஆஃப் நியூயார்க்' படம் அவரைப் பரவலாக அறிமுகப்படுத்திவிட்டது. நாற்காலி செய்பவரின் மகனாகப் பிறந்து, தன்னார்வத் தீயணைப்புப் படையொன்றின் தலைவராக மக்களிடம் அறிமுகமாகி, பின்னர் நகரத்தின் கஜானாவையே கைக்குள் போட்டுக்கொண்டவர் வில்லியம் ட்வீட். அவர் காலத்தில் எழும்பிய நீதிமன்றக் கட்டடத்தில் பூச்சுவேலைக்காரர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,000 டாலருக்கு மேல் கொடுத்ததாகக் கணக்கு எழுதியிருந்தார்கள். 1871இல் நாளேடொன்று கணக்குகளை வெளியிட்டது. தாமஸ் நாஸ்ட் கேலிச்சித்திரங்களாகப் போட்டுத் தள்ளினார். சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடிய ட்வீடை அங்கே அடையாளம் காட்டியதும் நாஸ்டின் ஒரு சித்திரமே என்பார்கள். 1878இல் அவர் சிறையில் இறந்தார்.

ட்வீடைவிட எனக்குச் சுவையானவராகத் தெரிபவர் அவருக்கு அடுத்த தலைமுறையின் ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட். ரியோர்டன் என்ற பத்திரிகையாளர் இவரது பேச்சுகளைக் கேட்டெழுதி 1905இல் நூலாக்கினார். பிளங்கிட் பேசிய இடம் ஒரு செருப்புத் துடைக்கும் மேடை. அது அமைந்திருந்ததோ ட்வீட் கட்டிய அதே நீதிமன்றத்தினுள். எந்த நாவலாசிரியரும் இப்படியோர் இடத்தைத் துணிந்து கற்பனை செய்திருக்க மாட்டார். பிளங்கிட்டின் ஒருநாள் வேலையை அந்நூல் விவரிக்கிறது: தீ விபத்து நடந்த வீட்டுக்குப் போவார், காவல் நிலையத்தில் பிடிபட்டிருப்பவருக்குப் பிணை ஏற்பார், வாடகை கொடுக்க முடியாத ஏழைக் குடும்பத்துக்குப் பணம் தருவார், ஒரே நாளில் இத்தாலியரின் சாவுக்கும் யூதரின் சாவுக்கும் போய் நிற்பார், பரிசுப்பொருளை முன்பே அனுப்பிவிட்டு இரவில் ஒரு திருமணத்துக்குச் செல்வார். கையூட்டில் நேர்மையானது, நேர்மையற்றது என இரண்டு வகை உண்டென்பது அவர் கட்சி. பூங்கா எங்கே வரப்போகிறதென்று முன்கூட்டியே அறிந்து, பக்கத்து நிலத்தை மலிவாக வாங்கிப்போட்டுப் பின்னால் நகராட்சிக்கே நல்ல விலைக்கு விற்பது முதல் வகை. புறவழிச்சாலையும் புதிய பேருந்து நிலையமும் எங்கே வருமென்பது அறிவிப்புக்கு முன்பே சிலருக்குத் தெரிந்துவிடுகிற மாவட்டங்களில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவர்களை எதிர்த்தவர்களில் நேர்மையாகத் தன் தோல்வியை ஆராய்ந்தவர் ஜேன் ஆடம்ஸ். சிகாகோவில் ஏழைக் குடியேறிகள் நடுவே 'ஹல் ஹவுஸ்' என்ற இல்லத்தை 1889இல் நிறுவியவர். தம் வார்டின் உறுப்பினர் ஜானி பவர்ஸைத் தோற்கடிக்க முயன்று முடியாமற்போன பின்பு, அவர் ஏன் வெல்கிறார் என்பதை 1898இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இல்லத்தின் குழந்தைகள் காப்பகத்தில் பெற்றவர்கள் விட்டுச்சென்ற ஒரு குழந்தை இறந்துபோகிறது. அரசுச் செலவில் புதைக்கலாமென்று ஆடம்ஸும் தோழியரும் முடிவு செய்கிறார்கள். நியாயமான, சிக்கனமான முடிவு. ஆனால் தெருவே கொதித்துப்போகிறது. கையில் காசில்லாத மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டத் தொடங்குகிறார்கள். அநாதையாக ஓர் உயிர் மண்ணுக்குப் போவதை அவர்களால் தாங்க முடியவில்லை. படித்த, நல்லெண்ணம் மிக்க ஆடம்ஸுக்குப் புரியாத இந்த இடத்தை ஜானி பவர்ஸ் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். வார்டில் எந்தச் சாவும் அரசுச் செலவில் போகாமல் அவர் பார்த்துக்கொண்டார். தாம் ஏன் தோற்றோம் என்பதை எதிரியிடமிருந்து கற்றுக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மை நம் அறிவுஜீவிகளிடம் அபூர்வம்.

இலவசங்களைப் பற்றி நம் நடுத்தர வர்க்கம் பேசும் முறையை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் மிக்சிக்கும் விலைபோகும் ஜனங்கள் என்ற ஏளனம் ஆசிரியர் அறைகளில் நாள்தோறும் கேட்பது. அரசுச் சம்பளமும் வீட்டுக்கடன் சலுகையும் வாங்குகிற வாயிலிருந்தே அது வருகிறது என்பதையும் சேர்த்தே குறிப்பிடுகிறேன். அந்த வாய்களில் என்னுடையதும் ஒன்று. அமெரிக்கச் சீர்திருத்தக்காரர்களின் கோபத்தில் ஊழல் எதிர்ப்பு பாதி என்றால், அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பிவந்த கத்தோலிக்கக் கூலிகள்மீதான அருவருப்பு மறுபாதி. நாஸ்டின் புகழ்பெற்ற சித்திரங்களில் ஐரிஷ்காரர் பெரும்பாலும் குரங்கு முகத்துடனேயே வரையப்பட்டார். இதை அறியாமல் நாஸ்டைக் கொண்டாடுவது எளிது.

ஆகவே கட்சி இயந்திரத்தை நான் முழுமையாக வெறுக்க மறுக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் அரசுக்கும் குடிக்கும் நடுவே நின்றவர்கள் கர்ணமும் மணியக்காரரும். பரம்பரைப் பதவிகள் அவை. ஏடும் கணக்கும் ஒரு சில குடும்பங்களின் கையில். 1980இன் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் இப்பதவிகளை ஒழித்துச் சம்பளம் பெறும் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. சரியான செயல்தான். ஆனால் புதிய அலுவலர் வெளியூர்க்காரர், மாறுதலில் போகிறவர். மனு எழுதத் தெரியாதவர்களுக்கும் அலுவலகப் படியேற அஞ்சுகிறவர்களுக்கும் இடையில் நிற்க ஓர் உள்ளூர்க்காரர் தேவைப்பட்டார். அந்த வெற்றிடத்தில் கட்சிக்காரர் வந்து நின்றார் என்பது என் ஊகம். அவர் பெரும்பாலும் கர்ணத்தின் சாதிக்காரர் அல்லர். தட்டச்சு நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் இடையே நடந்து தேய்ந்த அந்தச் செருப்புகளுக்கு நம் சமூக வரலாற்றில் ஓர் இடமுண்டு.

கட்சியமைப்பு அதற்கு முன்பே இருந்தது. காமராசர் 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானது முதல் கட்டிய அமைப்பு வலுவானது. மைரன் வீனர் என்ற அமெரிக்க அறிஞர் 1967இல் வெளியிட்ட நூலில் மதுரை, கல்கத்தா உள்ளிட்ட ஐந்து இடங்களில் காங்கிரஸ் எப்படி இயங்குகிறதென விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நூல் வெளியான அதே ஆண்டில் அந்த அமைப்பு இங்கே சரிந்தது ஆராய்ச்சியாளர்களுக்கேயுரிய துரதிர்ஷ்டம். அதைச் சரித்த தி.மு.க. 1949இலிருந்து படிப்பகங்களாகவும் மன்றங்களாகவும் கிளைகளாகவும் வளர்ந்தது. 1959இல் சென்னை மாநகராட்சியைப் பிடித்தது. ஆட்சிப் பொறுப்பின் முதல் ருசி அந்நகரசபையில்தான். 1972இல் எம்.ஜி.ஆர். விலக்கப்பட்டபோது ரசிகர் மன்றங்கள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் கட்சிக் கிளைகளாயின. பெயர்ப்பலகை மட்டும் மாற்றி எழுதப்பட்ட மன்றம் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இயந்திரத்துக்கு எரிபொருள் வேண்டும். டாமனிக்கு அது வேலைவாய்ப்பு. காவலர், துப்புரவாளர், எழுத்தர் என எல்லாப் பதவியும் கட்சியின் கையிலிருந்தது. போட்டித் தேர்வு என்ற பேச்சைக் கேட்டாலே பிளங்கிட்டுக்கு எரிச்சல் வரும். நம்மிடம் கதை வேறு. சென்னை மாகாணத்தில் 1929லேயே பணியாளர் தேர்வாணையம் வந்துவிட்டது. நாட்டிலேயே மாகாண அளவில் அது முதலாவது. கட்சிகள் ஆட்சிக்கு வரும் முன்பே தேர்வுமுறை வந்துவிட்டதால் வேலையை அள்ளிக் கொடுக்க அவற்றால் முடியவில்லை. தேர்வாணையத்தின் எல்லைக்கு வெளியே கிடந்த சிறு பணிகளில்தான் சிபாரிசுக்கு இடமிருந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிந்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊருக்கு ஊர் வேலைகள் முளைத்தன. அவற்றுக்கு யார் சொல் எடுபட்டது என்பதை எந்தக் கிராமத்தில் கேட்டாலும் சொல்வார்கள். மற்றபடி நம் இயந்திரம் ஓடுவது மாறுதல், ஒப்பந்தம், குத்தகை, உரிமம் ஆகியவற்றால். டாமனிக்காலத்தில் மதுக்கூடம் கட்சி அலுவலகமாகவும் இருந்தது. 2003இல் மதுச் சில்லறை விற்பனை முழுதும் அரசுக் கழகத்தின் கைக்கு வந்த பிறகு, கடையோடு ஒட்டிய பாரின் குத்தகை யாருக்கு என்பது இங்கே கட்சிப் பிரச்சினையாயிற்று. மேலே விரிக்க விருப்பமில்லை.

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு இனித்தான் வருகிறது. அமெரிக்க இயந்திரம் நகரத்தினுடையது. நகரசபைதான் அதன் வீடு, வார்டுதான் அதன் நிலம். வார்டுத் தலைவர் தம் தெரு வாக்குகளைத் தருவார். அதற்கீடாக நகரத் தலைமையிடம் பேரம் பேசுவார். தெரு கைவிட்டால் அவர் வெறும் ஆள். ஆகவே தெருவுக்கு அஞ்சினார். நம் இயந்திரமோ மாநிலத் தலைநகரில் உட்கார்ந்திருக்கிறது. வார்டு அதன் கடைசிப் படி. கிளைச் செயலாளருக்கு ஒன்றியமும் பேரூரும் மேலே, அவர்களுக்கு மாவட்டச் செயலாளர் மேலே, அவருக்குத் தலைமை மேலே. பதவி வருவதும் போவதும் மேலிருந்து. நாளேட்டில் வருகிற ஒரு நான்கு வரி அறிவிப்பில் இருபதாண்டு உழைத்தவர் விடுவிக்கப்படுவார். தெருவை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நகரசபைகளின் வரலாறே இதற்குச் சான்று. சென்னை மாநகராட்சியில் இல்லாத கூலியாட்களின் பெயரில் சம்பளம் எடுத்த 'மஸ்டர் ரோல்' ஊழல் வெடித்து, 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. ட்வீடின் பூச்சுவேலைக்காரருக்கு நம் பதில் இது என்று சொல்லலாம். நியூயார்க்கில் ட்வீட் வீழ்ந்த பின் நகரசபை தொடர்ந்தது. மக்கள் மறுபடி வாக்களித்தார்கள், மறுபடி டாமனியைக்கூடத் தேர்ந்தார்கள். சென்னையிலோ அடுத்த மாநகராட்சி மன்றம் 1996இல்தான் அமைந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள். அதனிடையே இரு கட்சிகளும் ஆண்டன. ஊழல் செய்த மன்றத்தைத் தண்டித்ததாகத் தொடங்கி, மன்றமே தேவையில்லை என்ற வசதியான முடிவுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். இது பழங்கதையன்று. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டு முறை தொடர்பாக வழக்கு எழுந்து தேர்தல் நின்றது. ஊரகப் பகுதிகள் பலவற்றுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. எங்கள் பேரூராட்சி உள்ளிட்ட நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான். ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆண்டார். குடிநீர்க் குழாய் உடைந்தால் யாரிடம் போவது என்று தெரியாமல் மறுபடியும் சைக்கிள்கடைக்குத்தான் போனார்கள். அவரோ 'மேலே கேட்டுத்தான் சொல்லணும்' என்றார். ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் படிப்படியாக இந்த ஒரு வாக்கியமாகச் சுருங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

விசுவாசம் தெருவிலிருந்து விலகி முற்றிலும் மேல்நோக்கித் திரும்பினால் அது என்னவாகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு நாள் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி வந்தவுடன் தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கல்விச்சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவியர் கருகி இறந்தனர். நான் அப்போது கல்லூரி மாணவன். அந்தச் சாலையில் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். அதன் பின் அந்த இடம் வரும்போது சன்னலோரத்தில் அமர்ந்தவர்கள் பேச்சை நிறுத்துவதைக் கவனித்திருக்கிறேன். தீ வைத்தவர்களுக்கு அந்த மாணவியர்மீது எந்தப் பகையும் இல்லை. யார் என்றுகூடத் தெரியாது. அவர்கள் செய்தது மேலேயிருந்து யாராவது பார்ப்பார்கள் என்பதற்காக என்றே நான் நினைக்கிறேன். மூவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்சநீதிமன்றம் 2010இல் உறுதிசெய்து, 2016இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கட்சி நிறுவனரின் நூற்றாண்டையொட்டிய விடுதலையில் 2018 நவம்பரில் அவர்கள் வெளியே வந்தார்கள். மரண தண்டனைக்கு நான் எதிரானவன். அவர்கள் தூக்கிலிடப்படாததில் எனக்கு நிம்மதியே. ஆனால் தலைவரின் பிறந்தநாளுக்கான பரிசாக அந்த விடுதலை வந்து சேர்ந்ததை என்னால் இன்றும் செரித்துக்கொள்ள முடியவில்லை.

இங்கேதான் வாக்குக்குப் பணம் கொடுப்பதைப் பற்றியும் பேச வேண்டும். கட்சி இயந்திரம் அதன் உச்சத்தில் செய்வது பணப்பட்டுவாடா என்று பொதுவாகக் கருதுகிறோம். நான் தலைகீழாக நினைக்கிறேன்: இயந்திரம் பழுதான பிறகு செய்வதே அது. 2009 ஜனவரித் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின் அந்த ஊரின் பெயரே ஒரு சூத்திரமாகிவிட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் தேர்தலைப் பணப்பட்டுவாடா காரணமாக ஆணையம் ரத்துசெய்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. இந்தியாவின் பிற பகுதிகளில் வாக்குக்குப் பணம் இல்லாமலில்லை. ஆனால் தேர்தலையே நிறுத்துமளவுக்குப் போய், அதிலும் முன்னோடியாக நிற்பது நாம்தான். பணம் என்ன செய்கிறது? ஐந்தாண்டுக் கடமையை ஓர் இரவில் பைசல் செய்துவிடுகிறது. கையில் வாங்கியவரிடம் 'அதான் கொடுத்தாச்சே' என்று சொல்லலாம். வாங்கியவருக்கும் கேட்கிற வாய் அடைந்துபோகும். சைக்கிள்கடைக்காரரைத் தெருப் பெண்கள் நடுவீதியில் நிறுத்தி வைத சொற்களை நான் கேட்டிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு 'ஆகட்டும் அக்கா, நாளைக்கு முடிச்சுத் தர்றேன்' என்பார். அந்த வசவுக்குப் பின்னால் ஓர் உரிமை இருந்தது.

தருமபுரிக்காரனாக, தமிழ் படித்தவனாக, எனக்கு அதியமான் நினைவு வராமல் இருக்காது. தகடூரை ஆண்ட அந்த அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவையார் வாயில்காவலனை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றுண்டு. தன் தகுதி தனக்குத் தெரியும், வேறெங்கு சென்றாலும் சோறு கிடைக்கும் என்னும் செருக்கு அதில் இருக்கிறது. புரவலன், பரிசில் என்ற சொற்களை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் அதைக் கையேந்தல் என்று புரிந்துகொள்வார்கள். பெறுபவர் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு கொடை அது. கொடுப்பவரும் அந்தக் கோபத்துக்கு அஞ்சியாக வேண்டும். உறையிலிட்ட நோட்டில் இந்தக் கோபத்துக்கு இடமில்லை. மன்னராட்சியை மக்களாட்சிக்கு முன்மாதிரியாக்குகிறான் என்று யாராவது எழுதுவார்கள். அதற்கு வேறொரு நாள் பதில் சொல்கிறேன். உத்திரமேரூர்க் குடவோலையை எடுத்துப் பெருமை பேசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்தாம் நூற்றாண்டின் அக்கல்வெட்டுகளில் நான் மதிப்பது கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் வாரியத்திலிருந்து விலக்கிய விதியை. ஆனால் அது நிலமுடைய பிராமணர்களின் சபை. ஏழையின் வாக்கு என்ற சிக்கலே அவர்களுக்கு எழவில்லை.

இலக்கியத்துக்கு வருகிறேன். அமெரிக்க இயந்திரத்தைப் பற்றி அவர்கள் நாவல் எழுதினார்கள். எட்வின் ஓ'கானரின் 'தி லாஸ்ட் ஹுரா' 1956இல் வந்தது. பாஸ்டன் மேயர் ஜேம்ஸ் மைக்கேல் கர்லியின் சாயல் கொண்ட முதிய அரசியல்வாதியின் கடைசித் தேர்தல் அது. சாவு வீடொன்றில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஓ'கானர் எழுதியிருக்கும் பகுதியைப் படித்தபோது, கைதேர்ந்த நாடகமும் உண்மையான கருணையும் ஒரே மனிதரில் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதைக் கண்டேன். இப்படியொரு மனிதரைத் தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள்? சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966லேயே நகரசபைத் தேர்தலைக் களமாக்கியது. ஒரு மரத்தை வெட்டுவதா காப்பதா என்பதைச் சுற்றி வியாபாரிகளும் பத்திரிகையும் வாக்குகளும் சுழலும் விதம் இன்றும் புதிதாகவே இருக்கிறது. ஆனால் அதில் மேலோங்குவது அங்கதம். இமையத்தின் 'வாழ்க வாழ்க' கூட்டத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு வெயிலில் காத்திருப்பவர்களின் பக்கம் நின்று எழுதப்பட்டது. எனக்குப் பிடித்த குறுநாவல். அழைத்துச் செல்கிறவர் யார், அவர் வீட்டில் என்ன நடக்கிறது, அவருக்கு யார் படியளக்கிறார்கள் என்பது எழுதப்படக் காத்திருக்கிறது. என் வாசிப்பு எல்லைக்குட்பட்டது. நண்பர்கள் வேறு நாவல் சொன்னால் தேடிப் படிப்பேன். கரைவேட்டி கட்டியவர் கதைக்குள் நுழைந்தாலே வில்லனாகவோ கோமாளியாகவோ ஆகிவிடும் வழக்கத்துக்குக் காரணம் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் அவரை நாடிப் போக வேண்டிய தேவையில்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதாக இருக்கலாம். இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் தயக்கமிருந்தது. அடித்துவிட மனம் வரவில்லை.

சைக்கிள்கடைக்காரருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். வாடகைச் சைக்கிள் தொழில் எப்போதோ முடிந்துவிட்டது. கட்சிப் பொறுப்பும் இல்லை. செலவு செய்யக்கூடியவரைப் போட்டுவிட்டார்கள். சந்தை நாளில் தேநீர்க்கடை பெஞ்சில் அமர்ந்திருப்பார். இன்னமும் யாராவது மனு எழுதக் காகிதத்துடன் வந்து நிற்கிறார்கள். எழுதித் தருகிறார்; கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மட்டும் விட்டுவிட்டார். 'இப்ப இருக்கிற பசங்களுக்கு என்னைத் தெரியாது வாத்தியாரே' என்றார் ஒருநாள், சலிப்பில்லாமல்.

சென்ற தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு பதினொரு மணியிருக்கும், வாசலில் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். ஒருவன் கையில் வாக்காளர் பட்டியல், மற்றவன் கைப்பேசி வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான். 'இந்த வீட்டுல நாலு ஓட்டுங்களா?' என்று கேட்டு வரிசையாகப் பெயர்களைப் படித்தான். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா திண்ணைக்கு வந்துவிட்டார். பட்டியலில் அம்மாவின் பெயருக்கு நேரே கணவர் பெயரென்று என் தந்தையாரின் பெயரும் அச்சிட்டிருக்கும் அல்லவா, அதையும் அவன் சத்தமாகப் படித்து, 'அவரு இருக்காருங்களா?' என்றான். அம்மா அவனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, 'நீ யாரூட்டுப் பையன்டா?' என்று கேட்டார். அவன் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னான். இருவரும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்.